பதினாலு கொடுக்கும் வண்டி

பதினாலு என்று சொன்னது சொன்னதுதான், இனி அதை வாய்க்குள் திரும்ப இழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. பாட்டில் கண்ணெதிரே ஆடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான், லேபிளைக் கிழித்துவிட்டு டீசல் நிரப்பி, மூடியில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு குழாய் சொருகியிருக்கிறான் சிக்கந்தர். ஒன்று எஞ்சினுக்குப் போவது, இன்னொன்று எஞ்சின் குடித்து மிச்சம் வைத்ததைத் திருப்பிக் கொண்டுவருவது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிக் கட்டிவிட்டான். இனி என் வண்டிக்கு உலகத்தில் இருக்கிற டீசல் இவ்வளவுதான். இது தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ, அதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் கல்லைத் தாண்டியிருக்கிறோமோ, அதுதான் மைலேஜ். மீட்டர் பேசாது, அது செத்துப் பல வருஷம். சிக்கந்தர் மெக்கானிக், எனக்கும் என் மகனுக்கும் நடுவில் இரண்டு கியர் கம்பிகளுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காலை அகட்டி வைத்துக்கொண்டு, பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். போடி எல்லையில் பங்க்கை விட்டுக் கிளம்பும்போதே டீசல் போடுகிறவன் கத்தினான், "என்ன பெருசு, வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுப் போறீக, பொழைக்குமா?" சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு ஜக்கையன் என்று பெயர் வைத்ததே இவர்களுக்கு மறந்துபோயிற்று, டீக்கடையில் நான் நுழைந்தால் "பதினாலு வந்துட்டாரு, டீ போடு" என்பார்கள், லிட்டருக்குப் பதினாலு கொடுக்கிற வண்டி என்று நான் சொன்னதை முப்பது வருஷமாக மென்று துப்பிக்கொண்டிருக்கிறார்கள். பங்க்கிலிருந்து முந்தல் செக்போஸ்ட் ஏழு கிலோமீட்டர். போய்த் திரும்பி வந்தால் பதினாலு. அவ்வளவுதான் கணக்கு. என் மகன் தெய்வேந்திரன் காலையில் மதுரையிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக, "அப்பா, வண்டி உண்மையிலேயே எவ்வளவுதான் குடுக்குதுன்னு பாத்துருவமா?" என்றான். பார்த்துடுவோம்டா என்றேன். வாய் என்னைக் கேட்டா சொல்லுது.

செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன், வெறுங்காலில்தான் ஓட்டுவேன், ஆக்சிலேட்டர் இரும்பின் சூடு பாதத்தில் தெரிய வேண்டும், எஞ்சின் எப்போது போதும் என்கிறது, எப்போது இன்னும் என்கிறது என்று குதிகால் வெடிப்புக்குத் தெரியும், செருப்புக்குத் தெரியாது. இந்த வண்டியெல்லாம் டீசல் குடிக்கும் என்று சொல்கிற பயல்கள் ஒருத்தனுக்கும் மிதிக்கத் தெரியாது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் வண்டி, கனமான இரும்பு, குட்டி யானை எடை, ஆறுதான் குடுக்கும் ஏழுதான் குடுக்கும் என்று வாயாலேயே ஓட்டுவார்கள். முன் சக்கரங்களின் குமிழைத் திருகி விடுதலை பண்ணிவிட்டு ஓட்டத் தெரியாது அவர்களுக்கு. நான் இன்று விடிகாலையிலேயே திருகிவிட்டேன், இரண்டு பக்கமும், ஒருத்தரும் பார்க்கவில்லை, முன் சக்கரம் இப்போது சும்மா உருளுகிறது, தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி. டயரில் காற்று கல்லு மாதிரி அடித்து வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது சரிவு, நியூட்ரலில் போட்டு விட்டுவிடுவேன். இதையெல்லாம் செய்தால் பதினொன்று வரும். பதினொன்றுதான் வரும், எனக்குத் தெரியாதா. மீதி மூன்று நான் சேர்த்தது. அதிலே யாருக்கு என்ன நஷ்டம்? மலையேறி இறங்கி வந்து டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் போகும்போது இருந்ததைவிட இரண்டு விரற்கடை டீசல் கூடுதலாக இருந்தது என்று ஒரு நாள் சொன்னேன், டீக்கடைப் பயல் ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு எப்படி மாமா என்றான், மேகத்துக்குள்ளே போனா எல்லாம்தான் ஈரமாகும், டேங்க் மட்டும் காஞ்சா கெடக்கும் என்றேன். ஒற்றை யானை பின்னாலிருந்து முட்டி முட்டி ஊசிப்பாறை வரைக்கும் ஏற்றிவிட்டது, நான் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி குடித்துக்கொண்டே போனேன் என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் டீ குடித்தார்கள். ஆனால் அப்போது நான் டிரைவராக இருந்த எஸ்டேட்டில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. அங்கே டிரைவர்களுக்கு ஒரு வழக்கம், வண்டி ஏழு கொடுத்தால் அஞ்சு என்று சொல்ல வேண்டும், மிச்ச டீசலை வளைவில் நிறுத்தி உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், பொண்டாட்டி பிள்ளைக்கு அதிலேதான் மீன் வாங்குவது. அத்தனை பேரும் அஞ்சு என்று சொன்ன இடத்தில் நான் ஒருத்தன் போய் மானேஜரிடம் பதினாலு என்றேன். ஏன் சொன்னேன்? அந்த ஆள் என் வண்டியைக் காட்டி இந்த ஓட்டைக்கு எதற்கு டீசல் என்று இங்கிலீஷில் பக்கத்து ஆளிடம் சொன்னான், எனக்குப் புரிந்தது, அதனால் சொன்னேன். மறுநாளே எல்லா வண்டிக்கும் டீசல் அளவைப் பாதியாக வெட்டிவிட்டான். ஜக்கையனுக்குக் கொடுக்கிறது உங்களுக்கு ஏன் கொடுக்காது என்று கேட்டானாம். அதற்கப்புறம் லைன் வீடுகளில் எவனும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் என் கைக்காசில் டீசல் வாங்கி ஊற்றி அந்தப் பதினாலைத் தூக்கி நிறுத்தினேன். ஒரு பொய்யை வளர்க்க ஒரு பிள்ளையை வளர்க்கிற செலவு ஆகும். இதை எவனிடம் சொல்ல.

முதல் கல் தாண்டிவிட்டது. பாட்டில் கழுத்திலேயே நிற்கிறது. "பரவால்ல மாமா, சும்மா மோந்து பாத்துட்டுத்தான் ஓடுது" என்கிறான் சிக்கந்தர். தெய்வேந்திரன் ஜன்னல் பக்கம், கையில் போன், வெளியே மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வருகிறான். நல்ல பையன்தான். டைல்ஸ் கடையில் மானேஜர். அவன் வீடு மதுரையில் மூன்றாவது மாடி. என் பொண்டாட்டி காமுத்தாய் செத்த பிறகு என்னைக் கொண்டுபோய் அங்கே ஒரு மாசம் வைத்திருந்தான். லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு சத்தம் வரும், பெட்டிக்கு ஆணி அடித்த மாதிரி. காலையில் எழுந்தால் போக இடம் இல்லை, மொட்டை மாடியில் எதிர்வீட்டுக்காரன் பனியனோடு நடந்துகொண்டிருப்பான், எத்தனை சுற்று என்று விரல்விட்டுக்கொண்டு. சாப்பிட்ட தட்டை எடுக்காதீங்க மாமா என்று மருமகள் நல்லபடியாகத்தான் சொல்லுவாள், எடுக்காமல் என்ன செய்வது, உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா. ஒரு மாசத்தில் என் குரல் போய்விட்டது, நிஜமாகவே, கதை சொல்ல ஆள் இல்லாமல் தொண்டை தூர்ந்துபோயிற்று. இதைத் திரும்பி வந்து சொன்னபோது டீக்கடையில் சிரித்தார்கள், நான் சொன்னதிலேயே பெரிய புளுகு இதுதான் என்றார்கள். ஊசிப்பாறையில் எனக்கு ஒரு துண்டுக் காடு இருக்கிறது, ஏலக்காயும் மிளகும், ஒரு தகர வீடு. அங்கே பஸ் போகாது. ஆட்டோ போகாது. மழை பெய்தால் கழுதையும் போகாது. இந்த வண்டி இருந்தால் நான் அங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் மூன்றாவது மாடி. எஸ்டேட் ஏலத்தில் இந்த வண்டியை நான் எடுத்தது அதற்குத்தான். வண்டியின் ஆர்.சி. புத்தகம் மட்டும் தெய்வேந்திரன் பேரில் இருக்கிறது, எஃப்.சி. ஆபீஸ் வாசலில் இந்த வயசில் என்னால் நிற்க முடியவில்லை என்று நான்தான் மாற்றிக் கொடுத்தேன். டீசலைக் குடிக்கிற வண்டியை வைத்துக்கொண்டு என்னப்பா பண்றீங்க என்று போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். இன்றைக்கு அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டால், பத்துக்கு மேலே கொடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், வாயை மூடிக்கொள்வான். அப்புறம் என்னை என் பாட்டுக்கு விட்டுவிடுவான். அதற்குத்தான் விடிகாலையில் எழுந்து குமிழைத் திருகினேன். அதற்குத்தான் இந்த மிதி, இந்த மூச்சுப் பிடித்த மிதி, பாதத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு முட்டை இருக்கிற மாதிரி. உடைந்துவிடக் கூடாது.

போன் அடித்தது. தெய்வேந்திரன் எடுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான், எனக்குக் காது மந்தம் என்று அவன் நினைப்பு. மந்தம் எல்லாம் இல்லை. மதுரையில் இருந்த மாசத்தில் அப்படி ஒன்றை ஆரம்பித்து வைத்தேன், வசதியாக இருந்தது, விட்டுவிடவில்லை. "சொல்லுங்க ஜோஸ் சேட்டா... ஆமா, இப்பதான் ஓட்டிப் பாக்குறோம்... ரெண்டாவது கல்லு வரப்போகுது, பாட்டில் இன்னும் கழுத்துக்குக் கீழ எறங்கவே இல்ல. பத்துக்கு மேலேயே வரும் சேட்டா, நீங்க கேட்டது வரும்... ஆமா ஃபோர் வீல் நல்லா பிடிக்குது, டூரிஸ்ட்டுகள வச்சு எந்த மலையிலயும் ஏறலாம்... அப்ப நாளைக்கே வந்து எடுத்துக்கங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வண்டி இருக்குற வரைக்கும் அவரு மலைய விட்டு எறங்க மாட்டாரு, அதுதான் எனக்கு... ஆமா... பத்து வரலன்னா வேணாம்னு சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். போனைச் சட்டைப்பையில் போட்டான். "யாருடா?" என்றேன். "கடைல இருந்துப்பா, ஸ்டாக் விஷயம்." நல்ல பொய். ஸ்டாக். என் பிள்ளைதானே. ஆனால் யானை இல்லை, மேகம் இல்லை, கேட்கிறவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துச் சந்தோஷம்கூட இல்லாத பொய். பத்து வந்தால் வண்டி மலை தாண்டி அந்தச் சேட்டன் கைக்குப் போய்விடும். நான் விடிகாலையில் எழுந்து என் வண்டியைச் சந்தைக்கு அலங்காரம் பண்ணியிருக்கிறேன். மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவிக் கொண்டுபோய் நிறுத்துவார்களே, அப்படி. என் காலே எனக்கு எதிராக மிதித்துக்கொண்டிருக்கிறது. சிக்கந்தர் என்னைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தெரியும் இவனுக்கு, முன்னாலேயே தெரிந்திருக்கும், சேட்டனிடம் இவனுக்கும் ஏதாவது இருக்கும். இரண்டாவது கல். மலை எதிரே வந்து நிற்கிறது, நீலமாக, ஒன்றும் தெரியாதது மாதிரி. கோபம் வர வேண்டும், வரவில்லை, அந்த லிஃப்ட் கதவுச் சத்தம்தான் காதில் கேட்கிறது. சத்தம் போட்டுப் பார்க்கலாம். விற்க மாட்டேன் என்று ரோட்டில் நிறுத்திவிட்டு உட்காரலாம். புத்தகம் அவன் பேரில். உங்க நல்லதுக்குத்தாம்ப்பா என்பான், கண்ணில் தண்ணீர்கூட வரும், நிஜமான தண்ணீர், அதற்கு முன்னால் எனக்கு வாய் எழும்பாது, நேராக மூன்றாவது மாடி. பத்து வரலன்னா வேணாம். பத்து வரலன்னா. அந்த இடத்தில் என் புத்தி ஒரு முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து வரக் கூடாது. முப்பது வருஷம் பதினாலு பதினாலு என்று கத்திய வாய், பத்து வரக் கூடாது.

"டேய், ஒண்ணுக்கு வருதுடா" என்று ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைக்கவில்லை, அது பாட்டுக்குக் குடிக்கட்டும். "இப்பத்தானப்பா பங்க்ல போனீங்க." "வயசானா உனக்குத் தெரியும்." இறங்கி முன்பக்கம் போய் சக்கரத்துக்கு மறைவில் குந்தினேன். ஒன்றுக்கு நிஜமாகவே வரவில்லை, ஒரு சொட்டு வரவில்லை, பயத்தில் எல்லாம் வற்றிப்போயிற்று. குமிழைப் பிடித்துத் திருகினேன். விடிகாலையில் லேசாகத் திரும்பியது இப்போது சண்டித்தனம் பண்ணுகிறது, சூட்டில் இறுகிவிட்டது, வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன், டக்கென்று விழுந்தது. இனி இந்தச் சக்கரம் சும்மா உருளாது. அந்தப் பக்கமும் போக வேண்டும். அந்தப் பக்கம்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். "டயர்ல கல்லு மாட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுற்றிப் போய் அதையும் திருகினேன், அவன் முழங்கை என் தலைக்கு மேலே ஜன்னலில் இருந்தது, அதில் காமுத்தாய்க்கு இருந்த அதே மச்சம். எழுந்திருக்கும்போது முட்டி இடித்தது. "பாத்துப்பா, மெதுவா" என்று கதவைத் திறந்து இறங்க வந்தான். "ஒக்காரு, நான் ஒண்ணும் செத்துப்போகல." திரும்ப ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கம்பியில் குட்டையானது நாலு சக்கரத்துக்கு, அது சிக்கந்தரின் முட்டியை ஒட்டி நிற்கிறது, அதைத் தொடாமல் இழுக்க முடியாது. பெரிய கம்பியைப் போடுகிற மாதிரி கையைக் கொண்டுபோனேன். சிக்கந்தர் கீழே பார்த்தான். என் கையைப் பார்த்தான். அப்புறம் பாட்டிலைப் பார்த்தான். முட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டான். கம்பி விழுந்தது. ஏன் ஒதுக்கினான்? என் மேல் பாசமா? பாசமாவது மண்ணாவது. இந்த மாதிரி பழைய வண்டி போடி வட்டாரத்தில் எத்தனை மிச்சம், இதுவும் மலை தாண்டிப் போய்விட்டால் இவனிடம் யார் வருவார்கள், புது வண்டியெல்லாம் கம்பெனி ஷெட்டுக்குப் போகிறது. சேட்டன் ஒரு தரம் கொடுப்பான், நான் மாசா மாசம் கொடுப்பேன். அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும், எனக்கு இன்றைக்கு யாருடைய பாசமும் தாங்காது.

இப்போது வண்டி உறுமிக்கொண்டு போகிறது, தார் ரோட்டில் நாலு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன, ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. இரண்டாவது கியரை விட்டு ஏற்றவில்லை நான். ஹேண்ட் பிரேக்கையும் இரண்டு பல் இழுத்து வைத்தேன், வேட்டி அதை மூடியிருக்கிறது. "என்னப்பா இப்படிக் கத்துது, மூணாவது போடுங்க." "விழ மாட்டேங்குதுடா." "வர்றப்ப விழுந்துச்சே?" நான் பதில் தேடுவதற்குள் சிக்கந்தர் சொன்னான், "கியர் பாக்ஸ் வேல இருக்கு தெய்வம் அண்ணே, சூடானா அப்படித்தான், நான்தான் ஒப்பேத்தி வச்சிருந்தேன்." பாட்டில் இறங்குகிறது. இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, கழுத்து போயிற்று, தோள் போயிற்று. என்னடா இது, பால் குடிக்கிற கன்னு மாதிரி. இத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த கால், இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, ஏற்றத்தில் மூச்சைப் பிடித்து, வளைவு வருவதற்கு முன்னாலேயே காலை எடுத்து, மாட்டை அதட்டாமல் ஓட்டுகிறவன் மாதிரி ஓட்டிய கால், இப்போது வேண்டுமென்றே அமுக்குகிறது, அமுக்க அமுக்கக் கூசுகிறது, ஊரார் முன்னால் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருக்கிறது. கருப்புப் புகை பின்னால் சுருண்டு போகிறது, எதிரே பைக்கில் வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். வண்டியே, என்னை மன்னிச்சுக்க. இல்லை, அதெல்லாம் கிடையாது, இரும்பிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு இன்னும் கிறுக்குப் பிடிக்கவில்லை. பிரேக் லைனிங் கருகுகிற நாற்றம் வர ஆரம்பித்தது. தெய்வேந்திரன் மூக்கை உறிஞ்சினான். "என்னமோ கருகுதுல்ல?" "வெளிய குப்பைய எரிக்கிறாய்ங்க" என்றேன். நாளைக்கு டீக்கடையில் தெரிந்துவிடும். பங்க்கில் பார்த்த நாலு பேர் விடுவார்களா? என்ன பதினாலு, எங்கே நின்னுச்சு என்பார்கள். ஆறு வந்துட்டாரு, டீ போடு என்பார்கள். யானை கதை சொன்னால், ஆமாமா, யானை தள்ளியும் ஆறுதானா என்பார்கள். சொல்லட்டும். சாகிறவரைக்கும் சொல்லட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு ஊசிப்பாறைக்கு வண்டியேறிப் போகிறவன் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலாவது கல். அஞ்சாவது கல். பாதி, பாதிக்குக் கீழே, அடிப்பள்ளம். சிக்கந்தர் கை மாற்றிப் பிடித்தான். ஓட்டுகிறவனுக்கு டீசல் தீர்வது காதில் தெரியும், எஞ்சின் முதலில் ஒரு வார்த்தையை விழுங்கும், அப்புறம் இரண்டு, அப்புறம் பேச்சு குழறும். விழுங்கியது. குழறியது. ஆறாவது கல்லைத் தாண்டி ஒரு வெற்றிலைக் கொடிக்கால் பக்கத்தில் உதறிவிட்டு நின்றுவிட்டது. முந்தல் செக்போஸ்ட்டின் கம்பி எதிரே தெரிந்தது.

தெய்வேந்திரன் இறங்கிப் பின்னால் நடந்துபோய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தான், படித்தவன், பார்த்துத்தான் நம்புவான். "ஆறு" என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிப்புக்கு முகத்தைத் தயார்பண்ணிவைத்திருந்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்து, "சேட்டா, ஆறுதான் குடுக்குது, கியர் பாக்ஸும் போச்சு. சாரி. வேணாம் விடுங்க" என்றான், என் முன்னாலேயே, மறைக்கக்கூட இல்லை. யார் என்று நான் கேட்கவில்லை. வண்டியின் முன்பக்கம் சாய்ந்து நின்றான். "காயலாங்கடைக்காரன்கூட இத எடுக்க மாட்டான். நீங்களே வச்சுக்கங்கப்பா. மழைக் காலத்துலயாச்சும் கீழ வாங்க." சரிடா என்றேன். வந்துவிட்டது, நான் கேட்டது வந்துவிட்டது, ஊசிப்பாறை, தகர வீடு, எல்லாம் என்னிடமே இருக்கிறது. சந்தோஷம் வருவதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவன் என்னைப் பார்க்காமல் பானெட்டைத் தடவிக்கொண்டே கேட்டான். "அப்ப நான் பொறந்த கதை? ஒரே ஒரு லிட்டர் டீசல் இருந்துச்சு, அதுலயே அம்மாவ மலைல இருந்து எறக்கி, வழியிலயே இந்த வண்டிக்குள்ள நான் பொறந்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சுன்னு சொல்வீங்களே. நீங்க சொன்னதுல அது ஒண்ண நான் நம்பிக்கிட்டிருந்தேம்ப்பா. கடைல எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன். பாப்பாவுக்குத் தெனம் அதைச் சொல்லித்தான் தூங்க வைக்கிறேன். ஆறு குடுக்குற வண்டில அது எப்படிப்பா?" அன்றைக்கு நடுப்பகல், அடைமழை, எஸ்டேட்டில் டீசல் அளவை வெட்டி வைத்திருந்த மாசம், டேங்கில் குச்சி விட்டால் நுனிதான் நனைகிறது. காமுத்தாய் இரண்டு காலையும் இந்த டேஷ்போர்டில் உதைத்துக்கொண்டு, லைன் வீட்டுச் சிவனம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு. எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறக்கினேன், பிரேக்கையும் மண்ணையும் நம்பி, ஏற்றம் வந்தால் மட்டும் உயிர்கொடுத்து, வளைவுக்கு வளைவு அவள் என் பேரைச் சொல்லித் திட்டினாள், அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பேர் சொன்னாள். எஞ்சின் அணைந்திருந்ததால் அந்த முதல் அழுகை அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை அதில். சேர்க்க இடம் இல்லை. நிஜம்டா என்று சொன்னால் போதும், சொன்னால் அடுத்த கேள்வி வரும், அன்றைக்கு அப்படி ஓடிய வண்டி இன்றைக்கு ஏன் நின்றது என்று குனிந்து பார்ப்பான், குமிழ் தெரியும், ஹேண்ட் பிரேக் தெரியும், சேட்டன் நாளைக்கே வந்துவிடுவான். சிக்கந்தர் காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். "அது சும்மா சொன்னதுடா" என்றேன். "அப்ப நான் எங்கதாம்ப்பா பொறந்தேன்?" என் வாயில் எப்போதும் கதை தானாக ஊறும், இன்று பஞ்சை மென்ற மாதிரி இருந்தது. "போடி ஆஸ்பத்திரியிலதான். நாலு பேரு டோலி கட்டி முந்தலுக்குத் தூக்கியாந்தாங்க. அங்கருந்து பஸ்ல போனோம்." "வண்டி?" "வண்டி அன்னைக்கு ரிப்பேரு." ஒரு மறுகேள்வி இல்லை. எந்த நாலு பேர் என்று கேட்கவில்லை, எந்த பஸ் என்று கேட்கவில்லை. சிக்கந்தரிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு, டீசல் வாங்கிவர முந்தல் பக்கம் நடக்க ஆரம்பித்தவன், திரும்பாமலே, "அதானே" என்றான்.